விடை கொடுத்தவர்கள்

தமிழில் விடை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கேள்விக்குச் சொல்லுகிற பதில் ஒன்று. போகிறவனுக்குத் தருகிற உத்தரவு மற்றொன்று. சிவபெருமான் ஏறிவரும் விடையையும் சேர்த்தால் மூன்றாகும். அதை இப்போதைக்குக் கட்டுத்தறியிலேயே விட்டுவிடலாம். பதிலும் உத்தரவும் எப்படி ஒரே சொல்லில் வந்து குடியேறின என்பதை இலக்கணம் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. கிளம்புகிறவனைப் பார்த்து, "ஏனப்பா போகிறாய்?" என்று இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். அவன் அதற்கு மனம் ஒப்பும்படியான விடை சொல்லுகிறான். இவர்கள் விடை கொடுக்கிறார்கள். கணக்குச் சரியாகிவிடுகிறது.

நம் வீடுகளில் "போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு யாரும் படி இறங்குவதில்லை. "போய் வருகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். தவறிப்போய் "போகிறேன்" என்று சொல்லிவிட்டால் பாட்டி கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, மறுபடியும் சரியாகச் சொல்லச் சொல்லி அனுப்புவாள். உள்ளேயிருந்து "போய் வா" என்ற குரல் வந்த பிறகுதான் செருப்பில் கால் நுழைய வேண்டும். ஆக, விடை என்பது போகிறவன் தானாக எடுத்துக்கொண்டு போகிற பொருள் இல்லை. இருக்கிறவர்கள் கையிலிருந்து பெற வேண்டியது.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களை வழியனுப்பும் வைபவத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாலை, புகைப்படம், ஊறுகாய் ஜாடி, அம்மாவின் கண்ணீர், அப்பாவின் மௌனம். ஆனால் படிப்பு முடிந்து, அந்த அந்நிய ஊரிலிருந்து அவன் கிளம்புகிற நாள் ஒன்று இருக்கிறதே, அதை நம்மில் அதிகம் பேர் நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கேயும் ஒரு வழியனுப்பு நடக்கிறது. நாலைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே விளக்கில் படித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த சிநேகிதர்கள் நிற்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பியபோது "போய் வருகிறேன்" என்று சொன்னது நிஜம். இவர்களிடம் அதையே சொன்னால் அது பொய். இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்தச் சங்கடத்தில் எந்த விடையைச் சொல்வது, எந்த விடையைக் கொடுப்பது?

நான் சரித்திர ஆராய்ச்சிக்காரன் அல்ல. கதை எழுதுகிறவன். ஆகையால் சரித்திரத்தைப் புரட்டும்போது என் கண் யுத்தங்களிலும் பட்டாபிஷேகங்களிலும் நிற்பதைவிட இம்மாதிரி வாசற்படிகளில்தான் நிற்கிறது. நான் படித்தவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்ட வழியனுப்பு ஒன்று உண்டு. அது நம் தேசத்திலேயே நடந்தது. அந்தக் கதையில் வெளிநாடு என்பது நம் நாடு. படிக்க வந்தவர் அயல் நாட்டார். விடை கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

யுவான் சுவாங்கைப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் சந்திக்காதவர்கள் இருக்க முடியாது. ஹர்ஷர் காலத்தில் வந்த சீன யாத்திரிகர், குறிப்பு வரைக, நாலு வரிக்கு இரண்டு மார்க். யாத்திரிகர் என்று படித்தோமே தவிர, மாணவர் என்று நாம் அவரைப் படிக்கவில்லை. ஊர் பார்க்கிற ஆசை அவரை இங்கே இழுத்து வரவில்லை. சீனத்தில் அப்போது கிடைத்த பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஓர் ஆசிரியர் சொன்னதை இன்னோர் ஆசிரியர் மறுத்தார். மூல நூல்களை, அவை பிறந்த நாட்டிலேயே, அவற்றை அறிந்தவர்களின் காலடியில் அமர்ந்து கேட்டால்தான் சந்தேகம் தீரும் என்று அந்த இளந்துறவிக்குப் பட்டது. முக்கியமாக 'யோகாசார பூமி சாஸ்திரம்' என்ற பெருநூலை முழுவதும் கற்க வேண்டும் என்பது அவருடைய தாகம்.

அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. எல்லையைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்று உத்தரவு இருந்த காலம். 629-ஆம் ஆண்டில் அவர் பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் எல்லையைக் கடந்தார். அதாவது, சொந்த ஊரில் விடை பெறாமலே வந்தவர் அவர். இதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உதவும்.

பாலைவனமும் பனிமலையும் கடந்து, காஷ்மீரத்தில் இரண்டு ஆண்டு படித்து, வழியில் கொள்ளைக்காரர்களிடம் பல தடவை அகப்பட்டு மீண்டு, சுமார் 637-இல் அவர் மகத நாட்டு நாளந்தா விஹாரத்தை அடைந்தார். இருநூறு பிக்ஷுக்களும் ஆயிரம் ஊர் ஜனங்களும் கொடி, குடை, வாசனைப் பூக்களோடு எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவருடைய சீடர் ஹுய்லி எழுதத் தொடங்கி, பிறகு இன்னொரு துறவி 688-இல் முடித்து வைத்த நூல் அது. இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த நூலில் உள்ளதுதான். சீடர் எழுதிய வரலாறு என்பதால் புகழுரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ஆனால் சில இடங்களில், இது இட்டுக்கட்ட முடியாதது என்று கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்துவிடும்.

நாளந்தாவின் தலைவர் சீலபத்திரர். அப்போது அவருக்கு வயது நூற்றாறு என்கிறது அந்த வரலாறு. நூற்றாறோ, கொஞ்சம் குறைவோ, பழுத்த கிழவர் என்பதில் சந்தேகமில்லை. புதிய மாணவர் அந்நாட்டு வழக்கப்படி முழங்காலாலும் முழங்கையாலும் ஊர்ந்து போய், அவர் பாதத்தைத் தொட்டு வணங்கினார். "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டார் கிழவர். சீனத்திலிருந்து, தங்களிடம் யோக சாஸ்திரம் கற்க வந்தேன் என்றார் இவர். அதைக் கேட்டதும் கிழவர் அழுதுவிட்டார். எழுபது வயதுக்கு மேலான தம் மருமகன் புத்தபத்திரரைக் கூப்பிட்டு, "மூன்று வருஷத்துக்கு முந்தி எனக்கு வந்த நோயைப் பற்றி இவர்களுக்குச் சொல்" என்றார். கை கால் மூட்டுகளில் நெருப்பாய் எரியும் வாதநோய் அவருக்கு. வலி தாங்காமல் பட்டினி கிடந்து உயிரை விடத் தீர்மானித்திருந்தாராம். அப்போது ஒரு கனவு. சீனத்திலிருந்து ஒரு துறவி உன்னிடம் படிக்க வருகிறான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற வரையில் இரு என்று கனவில் வந்த தேவர்கள் சொன்னார்களாம். கனவை நம்புவதும் நம்பாமற்போவதும் நம் இஷ்டம். அந்தக் கிழவர் நம்பினார் என்பதுதான் நமக்கு முக்கியம். ஒரு மாணவனுக்காகச் சாவைத் தள்ளிப் போட்டுக் காத்திருந்த ஆசிரியர் அவர்.

நாளந்தா அந்த அயல்நாட்டானை எப்படி வைத்துக்கொண்டது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தினசரி இருபது பாக்கு, இருபது ஜாதிக்காய், பச்சைக் கற்பூரம், மகாசாலி அரிசி ஒரு படி. மகாசாலி என்பது மகதத்தில் மட்டும் விளைந்த வாசனை அரிசி. ராஜாக்களுக்கும் பெரிய பண்டிதர்களுக்கும் மட்டுமே கொடுப்பது. வெண்ணெயும் எண்ணெயும் தனி. ஏவலுக்கு ஆட்கள், வெளியே போக யானை. ஹாஸ்டலில் புளித்த மோரோடு மல்லுக்கட்டிய நம் மாணவர்கள் இந்தப் பட்டியலைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். சீலபத்திரர் யோக சாஸ்திரத்தை முதல் தடவை சொல்லி முடிக்கப் பதினைந்து மாதம் பிடித்தது. யுவான் சுவாங் அதை மூன்று தடவை கேட்டார். வியாகரணம், தர்க்கம் எல்லாம் படித்தார். நாளந்தாவில் சுமார் ஐந்து ஆண்டு இப்படிக் கழிந்தது.

பிறகு தேசம் முழுவதும் சுற்றினார். தெற்கே நம் காஞ்சீபுரம் வரையில் வந்தார். இலங்கைக்குக் கப்பலேறுவது அவர் எண்ணம். ஆனால் இலங்கையில் ராஜா இறந்துபோய், பஞ்சமும் கலகமும் தலைவிரித்தாடுவதாகச் சொல்லிக்கொண்டு அங்கிருந்து பிக்ஷுக்கள் காஞ்சிக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களிடம் யோக சாஸ்திரத்தில் சில இடங்களைக் கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நல்ல ஆசிரியரிடம் படித்தவனுக்கு வரும் வியாதி இது. எந்த ஊருக்குப் போனாலும், எதிரே இருப்பவரை அந்த ஒருவரோடு நிறுத்துப் பார்க்கத் தோன்றும்.

காஞ்சியில் அவருக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. சீலபத்திரருடைய குரு தர்மபாலர் பிறந்த ஊர் அது. ஒரு மந்திரியின் மூத்த மகன் அவர். ராஜகுமாரியை அவருக்குக் கல்யாணம் செய்து கொடுக்க ஏற்பாடாகி, கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு காணாமற்போய்த் துறவியானவர் என்று யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தர்மபாலரிடம் படிக்க, கீழ்க்கோடியில் சமதட நாட்டிலிருந்து வந்தவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் படிக்கச் சீனத்திலிருந்து வந்தவர் இவர். காஞ்சிக்காரர், வங்காளத்துக்காரர், சீனர் என்று மூன்று தலைமுறையாகப் படிப்பு ஊர் விட்டு ஊர் போயிருக்கிறது. அதில் முதல்வரும் மூன்றாமவரும் வீட்டில் விடை பெறாமல் கிளம்பியவர்கள்.

நாளந்தாவுக்குத் திரும்பி வந்த பிறகு ஊர் ஞாபகம் யுவான் சுவாங்கை அரிக்கத் தொடங்கியது. நாற்பதைத் தாண்டிவிட்டார். படிக்க வந்ததைப் படித்தாகிவிட்டது. சுவடிகளும் விக்கிரகங்களும் மூட்டை கட்டியாகிவிட்டன. ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை. அந்தச் சமயம் வஜ்ரன் என்ற நிர்வாண ஜைனத் துறவி அவர் அறைக்கு வந்தார். ஜோசியத்தில் கெட்டிக்காரர் என்று பெயர். தர்க்கத்தில் தேசத்தையே மடக்கிய மகாபண்டிதர் அவரை உட்கார வைத்து, "நான் போகட்டுமா, இருக்கட்டுமா? போனால் நல்லபடியாகப் போய்ச் சேருவேனா?" என்று கேட்டார். வெள்ளைக் கல்லால் தரையில் கட்டம் போட்டுப் பார்த்து, இருந்தால் மிகவும் நல்லது, போனாலும் நல்லதுதான், ஆனால் அவ்வளவு இல்லை என்றார் ஜோசியர். எவ்வளவு படித்தவனாயிருந்தால் என்ன? பிரிய வேண்டிய வேளையில் யாராவது ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் தேவலை என்று இருக்கிறது.

செய்தி பரவியது. நாளந்தாத் தோழர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதை ஹுய்லி விரிவாக எழுதியிருக்கிறார். இது புத்தர் பிறந்த நாடு. அவர் மறைந்துவிட்டாலும் அவர் நடந்த இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தரிசித்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கலாமே. வந்த பிறகு ஏன் விட்டுப் போகிறீர்? சீனமோ மிலேச்ச தேசம். அங்கே மனிதர்களுக்கும் மதிப்பில்லை, தர்மத்துக்கும் மதிப்பில்லை. அதனால்தான் புத்தர்கள் அங்கே அவதரிப்பதில்லை. நிலம் கரடுமுரடு, குளிர் வேறு. அதில் என்ன இருக்கிறது நினைத்துப் பார்க்க?

அன்பினால் சொன்னதுதான். ஆனால் அந்த அன்பில் எத்தனை முள் என்று பாருங்கள். "எங்களை விட்டுப் போகாதே" என்று சொல்ல வாய் வராதபோது, மனிதன் "உன் ஊர் மட்டம்" என்று சொல்லுகிறான். இன்றைக்கும் இதேதான் நடக்கிறது. அங்கே திரும்பிப் போய் என்ன செய்யப் போகிறாய், அங்கே லைப்ரரி உண்டா, லாபரட்டரி உண்டா என்று கேட்கிற அயல்நாட்டுச் சிநேகிதன் நம்மை இழிவுபடுத்துவதாக நமக்குக் கோபம் வரும். அவன் மனத்தில் இருப்பது அநேகமாக, நாளை மாலை தேநீருக்கு எதிர் நாற்காலி காலியாக இருக்குமே என்கிற துக்கமாகத்தான் இருக்கும்.

யுவான் சுவாங் கோபப்படவில்லை. அவர் விடை சொன்னார். புத்தர் போகவில்லை என்பதற்காக ஒரு நாட்டை அற்பமென்று தள்ளலாமா என்றார். தம் நாட்டில் பெரியவர்களுக்கு மரியாதை உண்டு, தகப்பன் பிள்ளை உறவு உண்டு, வான சாஸ்திரமும் சங்கீதமும் உண்டு என்று எடுத்துச் சொன்னார். கடைசியில், சூரியன் ஏன் இந்த ஜம்பூத்வீபத்துக்கு மேலே வருகிறது என்று அவர்களையே கேட்டார். இருட்டைப் போக்குவதற்கு என்றார்கள் அவர்கள். நான் போக நினைப்பதும் அதற்குத்தான் என்றார்.

தோழர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மனம் ஒப்பவில்லை. வாதத்தில் ஜயித்துவிட்டால் மட்டும் விடை கிடைத்துவிடுமா? எல்லோருமாக அவரை அழைத்துக்கொண்டு சீலபத்திரரிடம் போனார்கள். கிட்டத்தட்ட முறையீடுதான். இந்தக் கிழவர் ஒரு வார்த்தை 'இரு' என்று சொன்னால் போதும், அவன் இருந்துவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

அவர்களுடைய கணக்கில் நியாயம் உண்டு. 'இரு' என்று சொல்ல அந்த ஊரில் யாருக்காவது உரிமை இருந்தால் அது சீலபத்திரருக்குத்தான். இவனுக்காக அல்லவா அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார்? கிழவர், "உன் தீர்மானம் என்ன?" என்று கேட்டார். யுவான் சுவாங் சொன்ன மறுமொழி அடக்கமானது. இது புத்தர் பிறந்த பூமி. இதன் மேல் எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நான் வந்தது பலருக்கும் பயன்படுகிற கல்வியைத் தேடி. தாங்கள் சொல்லிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போய் மொழிபெயர்த்து, என் நாட்டில் உள்ளவர்களும் கேட்கும்படி செய்தால் அதுவே தங்களுக்கு நான் செலுத்தும் கடன். அதனால்தான் தாமதிக்க மனமில்லை என்றார்.

சீலபத்திரர் சந்தோஷப்பட்டார். நான் உன்னிடம் எதிர்பார்த்ததும் இதுதான் என்றார். மற்றவர்களைப் பார்த்து, "இவன் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள், யாரும் இனிமேல் இவனைத் தடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த "உள்ளே போய்விட்டார்" என்ற இடத்தில் நான் பல தடவை நின்றிருக்கிறேன். ஹுய்லி அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. நாவலாசிரியனாக இருந்தால் அறைக்குள்ளே அவரைத் தொடர்ந்து போயிருப்பான். துறவி எழுதிய வரலாறு வாசலிலேயே மரியாதையாக நின்றுவிட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்து, பதினைந்து மாதம் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் முதல் ஆளாக விடை கொடுத்தவர் அந்தக் கிழவர்தான். அதிக உரிமை உள்ளவர் முதலில் கையை எடுத்தார்.

அப்புறம் ராஜாக்களின் முறை வந்தது. காமரூபத்து ராஜா பாஸ்கரவர்மன் கூப்பிட்டனுப்பினான். அவனிடமிருந்து ஹர்ஷர் கூப்பிட்டனுப்பினார். கன்னோசியில் மகாசபை, பிரயாகையில் தானவிழா என்று நாட்கள் ஓடின. தம்மிடம் தங்கினால் நூறு விஹாரம் கட்டித் தருகிறேன் என்று பாஸ்கரவர்மன் ஆசை காட்டிப் பார்த்தான். நடக்கவில்லை. 643-ஆம் ஆண்டில் ஒரு வழியாகப் பிரயாணம் நிச்சயமாயிற்று. பொன்னும் பொருளும் குவித்தார்கள். யுவான் சுவாங் தமக்கென்று எடுத்துக்கொண்டது பாஸ்கரவர்மன் கொடுத்த ஒரு கம்பளிப் போர்வைதான். மழைக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார். சுவடிகளைச் சுமக்கிற கூட்டத்தோடு ஹர்ஷர் ஒரு பெரிய யானையும், வழிச்செலவுக்கு மூவாயிரம் பொற்காசும் பதினாயிரம் வெள்ளிக்காசும் அனுப்பினார். வழிநெடுக உள்ள நாடுகளுக்கு வெள்ளைத் துணியில் எழுதி அரக்கு முத்திரை வைத்த கடிதங்களும் கொடுத்தார். வெகுதூரம் கூடவே வந்து, கண்ணீர் விட்டுப் பிரிந்து போனார்கள்.

பிரிந்து மூன்று நாள் ஆயிற்று. யுவான் சுவாங் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஹர்ஷரும் பாஸ்கரவர்மனும் சில நூறு குதிரை வீரர்களோடு வந்துகொண்டிருக்கிறார்கள். எதற்கு? இன்னொரு தடவை விடை கொடுக்க! வட இந்தியாவை ஆண்ட சக்கரவர்த்தி, ரயில் நகர்ந்த பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடிகிற வரையில் ஓடுகிற சிநேகிதனாக ஆகிவிட்டார். இதைத்தான் இட்டுக்கட்ட முடியாத இடம் என்று சொன்னேன். நான்கே ஆண்டுகளில், 647-இல், ஹர்ஷர் காலமானார்.

சிந்து நதியைக் கடக்கும்போது யுவான் சுவாங் யானை மேல் இருந்தார். சுவடிகள் படகில் வந்தன. நடு ஆற்றில் காற்றெழுந்து படகு ஆடியது. காவலுக்கு இருந்த ஆள் தண்ணீரில் விழுந்தான். அவனைக் காப்பாற்றிவிட்டார்கள். ஐம்பது சுவடிக் கட்டுகளும், ஊரில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாக எடுத்து வந்த பூ விதைகளும் ஆற்றோடு போய்விட்டன. ஹர்ஷர் கொடுத்த யானையும் பிறகு மலைப் பாதையில் கொள்ளைக்காரர்கள் துரத்தியபோது மிரண்டு ஓடி ஆற்றில் மூழ்கி இறந்தது. கோத்தானை அடைந்து, உத்தரவில்லாமல் வெளியேறியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சீனச் சக்கரவர்த்திக்கு விண்ணப்பம் எழுதினார். மன்னிப்புக் கிடைத்தது. 645-ஆம் ஆண்டு ஆரம்பத்தில் சாங்ஆன் நகரில் நுழைந்தபோது, 657 நூல்கள் இருபது குதிரைகளின் முதுகில் வந்தன.

சீலபத்திரரிடம் சொன்ன விடையை அவர் காப்பாற்றினார். 648-இல் யோகாசார பூமி சாஸ்திரத்தின் நூறு பகுதிகளும் சீன மொழியில் முடிந்தன. 664-இல் இறக்கும் வரையில் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். மொத்தம் 75 நூல்கள், 1,335 பகுதிகள். இவற்றுள் பலவற்றின் சமஸ்கிருத மூலம் நம் நாட்டில் அழிந்தே போயிற்று. நாளந்தாத் தோழர்கள் அற்பம் என்று சொன்ன அந்தக் குளிர் நாடுதான் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு பெரிய மனிதரின் வெற்றி வரலாறாக நின்றிருக்கும். ஆனால் 652-ஆம் ஆண்டில் ஒரு கடிதம் வந்தது.

புத்தகயையிலுள்ள மகாபோதி விஹாரத்திலிருந்து ஒரு பிக்ஷு அதைக் கொண்டு வந்தார். எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஞானபிரபர், சீலபத்திரரின் தலைமைச் சீடர். மற்றவர் பிரஞ்ஞாதேவர். இந்தப் பிரஞ்ஞாதேவர் ஹீனயானத்தில் பெரிய பண்டிதர், மகாயானத்தை ஒப்புக்கொள்ளாதவர். யுவான் சுவாங் இங்கே இருந்த காலத்தில் இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். கன்னோசியில் நாலு பேர் முன்னிலையில் யுவான் சுவாங் அவரைக் கடுமையாக மடக்கி, அவர் தலைகுனியும்படி ஆயிற்று. நான் நாவல் எழுதினால் பிரஞ்ஞாதேவரை வில்லனாக்கிவிட்டிருப்பேன். வாழ்க்கை என்னைவிட நன்றாகக் கதை எழுதுகிறது. பிரிந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, மலையும் பாலையும் தாண்டி ஆள் அனுப்பிக் கடிதம் எழுதியவர், சபையில் தோற்ற அந்த மனிதர்தான்.

கடிதத்தோடு இரண்டு சுருள் வெள்ளைப் பருத்தித் துணி இருந்தது. நாங்கள் மறந்துவிடவில்லை என்று காட்டுவதற்காக அனுப்புகிறோம், வழி வெகுதூரம் ஆகையால் அளவு கொஞ்சமென்று எண்ண வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். உங்களுக்கு ஏதாவது நூல் தேவைப்பட்டால் பட்டியல் எழுதி அனுப்புங்கள், நாங்கள் நகல் எடுத்து அனுப்புகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். கன்னோசியில் பேசிய பேச்சுக்கு வருத்தம் தெரிவித்து, தூதர் மூலமும் சொல்லி அனுப்பியிருந்தார் பிரஞ்ஞாதேவர்.

அந்தப் பிக்ஷு ஊர் திரும்பியது 654-இல். யுவான் சுவாங் அவரிடம் இரண்டு கடிதங்கள் கொடுத்தனுப்பினார். ஞானபிரபருக்கு எழுதியதில், சீலபத்திரர் காலமான செய்தியைத் திரும்பி வந்த தூதர்கள் மூலம் கேட்டுத் துடித்துப்போனதை எழுதினார். எந்தெந்த நூல்களை மொழிபெயர்த்தாயிற்று என்று கணக்குச் சொன்னார்; குருவிடம் சொல்ல வேண்டிய கணக்கு, இனி அவருடைய சீடரிடம்தானே சொல்ல முடியும்? சிந்து நதியில் ஒரு சுமை சுவடி போய்விட்டதைச் சொல்லி, பட்டியலும் வைத்து, ஆள் வந்தால் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பிரஞ்ஞாதேவருக்கு எழுதியதில், அன்று சபையில் இரு பக்கமும் சூடாகத்தான் பேசினோம், சபை கலைந்ததோடு அது போயிற்று, நீங்கள் இன்னும் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று எழுதினார். அதோடு நிறுத்தினாரா? இல்லை. இவ்வளவு அறிவுடைய நீங்கள் மகாயானத்தை ஏன் ஏற்கக் கூடாது என்று பழைய வாதத்தை அதே கடிதத்தில் மறுபடியும் தொடங்கிவிட்டார்! சிநேகிதம் பழையபடியே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அன்று கன்னோசியில் கொடுக்காமல் பாக்கி நின்ற விடை, ஒன்பது வருஷம் கழித்து இரண்டு சுருள் துணியாக வந்து சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோருக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்துவிடவில்லை. யுவான் சுவாங்குக்குப் பிறகு நாளந்தாவில் பத்து ஆண்டு படித்த இத்சிங் என்ற இன்னொரு சீனத் துறவி, அந்த நூற்றாண்டில் இங்கே படிக்க வந்த ஐம்பத்தாறு பேருடைய வரலாறுகளை எழுதி வைத்திருக்கிறார். அதில் பாதிக்கு மேல் துக்கக் கதை. கொரியாவிலிருந்து வந்த ஆர்யவர்மர் என்பவர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே எழுபது வயதுக்கு மேல் நாளந்தாவிலேயே இறந்தார். இத்சிங் கிளம்பியபோது அவருடைய தோழர் ஊ-ஹிங் நாளந்தாவுக்குக் கிழக்கே ஆறு யோசனை தூரம் கூடவே நடந்து வந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. மறுபடியும் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். ஊ-ஹிங் பிறகு ஊருக்குக் கிளம்பி, வடஇந்தியாவில் வழியிலேயே காலமானார். அவர் சேகரித்த சுவடிகள் மட்டும் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இதையெல்லாம் படிக்கும்போது நாம் வழக்கமாகப் போனவரைத்தான் புகழ்கிறோம். பாலைவனத்தைக் கடந்தார், பனிமலையைக் கடந்தார் என்கிறோம். உண்மைதான். ஆனால் போகிறவனுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆறு, ஒரு புது மலை இருக்கிறது. இருக்கிறவனுக்கு என்ன இருக்கிறது? அதே கூடம், அதே கிணற்றடி, அதே மணி, ஓர் இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே "போ" என்று சொன்ன சீலபத்திரரும், மூன்று நாள் கழித்துக் குதிரையேறி வந்த ஹர்ஷரும், அவமானத்தை மறந்து துணி அனுப்பிய பிரஞ்ஞாதேவரும் எந்த மலையையும் தாண்டவில்லை. தங்களைத் தாண்டினார்கள்.

நாளந்தா 1200-ஆம் ஆண்டை ஒட்டி அழிந்தது. இன்று அங்கே இருப்பவை செங்கல் அடித்தளங்களும், மேலே கூரையில்லாத சின்னச் சின்ன அறைகளும். 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. யுவான் சுவாங்கினுடையது என்று போற்றப்படும் மண்டையோட்டு எலும்புத் துண்டு ஒன்று 1942-இல் நான்கிங் நகரில் பூமிக்கடியிலிருந்து அகப்பட்டது. 1957-இல் அதில் ஒரு பகுதியைச் சீன அரசின் சார்பில் தலாய் லாமா கொண்டுவந்து ஜவாஹர்லால் நேருவிடம் ஒப்படைத்தார். நாளந்தாவில் யுவான் சுவாங்குக்கு ஒரு நினைவு மண்டபமும் எழும்பியது.

அவர் கடைசி நாளில் தோழர்களிடம் "போய் வருகிறேன்" என்று சொன்னாரோ, அந்தக் காலத்து மகதத்தில் அப்படிச் சொல்லுகிற வழக்கம் உண்டோ, அதைப் பற்றி ஹுய்லி எழுதவில்லை. எப்படியோ, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குப் பிறகு அவர் வந்தார். "வா" என்று சொல்வதற்குத்தான் அங்கே பிரஞ்ஞாதேவர் இல்லை.